ஊரில் ஏசி ஓடினால் ஆற்றில் மீன் கடிக்கும்

ஜூலை மாதப் பிற்பகல். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் வடக்குப் பக்கம் வெயில் கொளுத்துகிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் ஏசியைப் போடுகிறார்கள். அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், டிவி என்று ஒவ்வொன்றாக ஓடத் தொடங்க, மின்தேவை மளமளவென்று ஏறுகிறது. அதை ஈடுகட்ட டென்னசி ஆற்றின் அணைகளில் டர்பைன்களைச் சுழலவிடுகிறார்கள். அதுவரை அசையாமல் கிடந்த நீர்த்தேக்கம் மெதுவாக நகர ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில், பழைய ஆற்றுப்படுகையின் ஓரத்தில், ஆறேழு மீட்டர் ஆழத்தில் சும்மா நின்றிருந்த பாஸ் மீன்கள் இரை எடுக்கத் தொடங்குகின்றன.

அந்த நீர்த்தேக்கங்களில் ஒன்றான கன்டர்ஸ்வில் ஏரியைச் சுற்றி வாழும் தூண்டில்காரர்களுக்கு இது அன்றாடப் பாடம். கிளம்புவதற்கு முன் கைப்பேசியில் வானிலையைப் பார்ப்பார்கள். கூடவே, எந்த அணையில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் விடப்போகிறார்கள் என்ற அறிவிப்பையும் பார்ப்பார்கள். ஆலை ஊழியர், பள்ளி ஆசிரியர், அருகிலுள்ள ஹன்ட்ஸ்வில் நகரில் ராக்கெட் வடிவமைக்கும் பொறியாளர் என்று யாராக இருந்தாலும், அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: மீன் ஏன் கடிக்கிறது? அதற்கு விடை தேடிப் போனால் மின்சாரம், ஒலி, ஒளி, வெப்பம், மரபியல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும்.

மூழ்கிய ஊரின் மேல் ஓர் ஏரி

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டி.வி.ஏ., 1933-இல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. வெள்ளத்தைத் தடுப்பது, ஆற்றில் கப்பல் போக வழி செய்வது, மின்சாரம் தயாரிப்பது ஆகியவை அதன் பொறுப்புகள். சுமார் 1,050 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் பிரதான ஓட்டத்தில் இன்று ஒன்பது அணைகள் நிற்கின்றன. 1939-இல் கட்டி முடித்த கன்டர்ஸ்வில் அணைக்குப் பின்னால் தேங்கும் நீர், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடக்கிறது.

டி.வி.ஏ. இன்று தரும் மின்சாரத்தில் நீர்மின்சாரம் சிறு பங்குதான். பெரும்பங்கு அணு உலைகளிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஆனால் அணு உலையை நினைத்த நேரத்தில் கூட்டிக் குறைப்பது எளிதல்ல. நீர் டர்பைனைச் சில நிமிடங்களில் முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனால் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்கும் நேரத்துக்கென்று நீரைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள்.

சரி, நீர் ஓடினால் மீனுக்கு ஏன் பசிக்க வேண்டும்? பசி கூடுவதில்லை, இரை மலிவாகிறது, அவ்வளவுதான். ஷாட் என்ற சிறு வெள்ளி நிற மீன்கள் மிதவை உயிரிகளைத் தின்று கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. நீர் அசையாதபோது அவை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். துரத்திப் பிடிப்பதற்குச் செலவாகும் ஆற்றல், கிடைக்கும் உணவைவிட அதிகமாகிவிடும். ஓட்டம் வந்ததும் மிதவை உயிரிகளும் ஷாட் கூட்டமும் படுகையின் விளிம்பை ஒட்டி ஒரே திசையில் தள்ளப்படுகின்றன. பாஸ் ஒரு மரக்கட்டைக்குப் பின்னால், ஓட்டம் தணிந்த இடத்தில், தலையை நீர் வரும் பக்கம் திருப்பி நின்றுகொண்டால் போதும். இரை தானாகக் கடந்து போகும்.

அந்த மரக்கட்டை எங்கிருந்து வந்தது? அணை கட்டுவதற்கு முன் அங்கே வயல் இருந்தது, சாலை இருந்தது, ஓடைப் பாலம் இருந்தது. அவற்றின் அடித்தளங்களும் வெட்டிய மரங்களின் வேர்க்கட்டைகளும் இன்றும் நீருக்கடியில் இருக்கின்றன. அந்த மேடு பள்ளங்களை இன்றைய தூண்டில்காரர் படகில் பொருத்திய சோனார் கருவியால் பார்க்கிறார். கார்ல் லோரன்ஸ் என்பவர் சாதாரண மனிதர்களின் படகுகளுக்கு ஏற்ற சோனாரை 1950-களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தார். கருவி அனுப்பும் ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் போய், பட்டுத் திரும்புகிறது. மீனின் தசையும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால் ஒலி தசையைப் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். திரையில் வளைவாகத் தெரிவது பெருமளவுக்கு மீன் தன்னுள் வைத்திருக்கும் காற்று.

உடம்பு முழுவதும் ஒரு வாய்

இந்த ஏரியின் நாயகன் பெருவாய் பாஸ். பெயரில் பாஸ் என்று இருந்தாலும், கடலில் வாழும் பாஸ் இனங்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. வட அமெரிக்க நன்னீரில் வாழும் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுத்த பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும் வாய்ப்பிளவு.

அந்த வாய் கவ்வுவதற்கு மட்டும் உரியதல்ல, உறிஞ்சுவதற்கும்தான். இரை கிட்டே வந்ததும் பாஸ் தாடையைத் திறந்து, வாய்க்குழியைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் சட்டென்று விரிக்கிறது. உள்ளே அழுத்தம் விழ, நீர் பாய்ந்து நுழைகிறது. இரையும் கூடவே போகிறது. செவுள் வழியே நீர் வெளியேற, இரை உள்ளே தங்கிவிடும். எல்லாம் நாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகும்.

இவ்வளவு விசை தலையில் உள்ள சிறு தசைகளுக்கு எப்படி வந்தது? பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஏரியல் கேம்ப், தாமஸ் ராபர்ட்ஸ், எலிசபெத் பிரைனர்ட் மூவரும் அதிவேக எக்ஸ்-ரே படங்களின் உதவியோடு இதை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். உறிஞ்சும் விசையில் மிகப் பெரும்பகுதியைத் தருவது தலை அல்ல, நீந்துவதற்கென்று முதுகிலும் வயிற்றுப்புறத்திலும் ஓடும் பெருந்தசைகள். பாஸ் இரையை விழுங்கும் அந்தக் கணத்தில் அதன் உடல் முழுவதுமே வாய்க்கு வேலை செய்கிறது.

தூண்டில்காரரின் கைக்கு இந்த நிகழ்ச்சி வந்து சேரும் விதமும் தனி. ஆழத்தில் கிடக்கும் மென்மையான பிளாஸ்டிக் புழுவை பாஸ் உறிஞ்சும்போது, இழுவை எதுவும் இருக்காது. தூண்டில் நரம்பில் ஒரே ஒரு 'டிக்' மட்டும் ஓடி, கார்பன் இழையால் செய்த கம்பின் வழியாக உள்ளங்கையை எட்டும். சில சமயம் அதுவும் இருக்காது. தளர்ந்து கிடந்த நரம்பு மெல்ல ஒருபக்கம் நகரும். உறிஞ்சிய வேகத்திலேயே துப்பிவிடவும் இந்த மீனால் முடியும். புழு மென்மையாக இருப்பதால் சற்றே கூடுதல் நேரம் வாயில் வைத்திருக்கும். அந்தச் சிறு அவகாசத்துக்குள் கம்பைச் சுண்டியாக வேண்டும்.

சமையலறையில் பிறந்த புழு

அந்தப் பிளாஸ்டிக் புழுவுக்கும் ஒரு வீட்டுக் கதை உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரில் நிக் கிரீம், காஸ்மா கிரீம் தம்பதி 1949-இல் தங்கள் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் ஊற்றி, நிஜ மண்புழுவைப் போல் நெளியும் செயற்கை இரையைச் செய்தார்கள். அதற்கு முன் மரத்திலும் உலோகத்திலும் செய்த இரைகளே பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தன. இன்று உலகெங்கும் விற்பனையாகும் மென்பிளாஸ்டிக் இரைகளுக்கு அந்த அடுப்படிதான் ஆரம்பம்.

இன்று ஒரு பாஸ் பிடிப்பவரின் கார் கொட்டகையைத் திறந்து பார்த்தால், டப்பா டப்பாவாக நூற்றுக்கணக்கான நிறங்களில் புழுக்கள் இருக்கும். இந்த நிறங்கள் மீனுக்குத் தெரியுமா? இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதில் சொன்னது. பெருவாய் பாஸின் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, சுமார் 535 நானோமீட்டர் அலைநீளத்தில் கூர்மையானது. இன்னொன்று சிவப்புக்கு, சுமார் 614 நானோமீட்டரில். ஆகவே குறிப்பிட்ட நிறத்துக்குப் போனால் உணவு கிடைக்கும் என்று பழக்கியபோது, சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டன. ஆனால் சார்ட்ரூஸ் எனப்படும் பளீரென்ற பசுமஞ்சளை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. கடையில் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் இடையே ஒருவர் நெடுநேரம் தயங்கி நிற்கிறார் என்றால், அந்த வேறுபாட்டைப் பார்க்கக்கூடிய கண்கள் அவருக்கு மட்டுமே இருக்கின்றன.

நீர் கலங்கியிருக்கும்போது கண்ணைவிடப் பக்கக்கோடு முக்கியமாகிவிடும். செவுளிலிருந்து வால் வரை ஓடும் அந்தக் கோட்டில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள் வரிசையாக இருக்கின்றன. அருகில் ஏதாவது அசைந்தால் எழும் நீரின் சலனம் அந்த மயிர்களை வளைக்கும். இருட்டிலும் சேற்றுநீரிலும் பாஸ் இரையைத் துல்லியமாக எட்டுவது இதனால்தான். மழை பெய்து ஏரி செம்மண் நிறமாகிவிட்டால், பழகிய தூண்டில்காரர் அழகான நிறத்தை விட்டுவிட்டு, அதிகம் அதிரும் இரையைக் கட்டுவார்.

வாரத்துக்குள் ஓர் ஏரி

போட்டிகளில் பரிசு வாங்கி, அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு ஏரி என்பது வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைக்கும் நேரம்: ஷிஃப்ட் தொடங்குமுன் விடியற்காலையில் ஒரு மணி நேரம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த பிறகு இருட்டும் வரை. பல ஊர்களில் வாரநாள் மாலைப் போட்டிகள் நடக்கின்றன. வேலை விட்டதும் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு துறைக்கு வந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பொழுது சாயும்வரை பிடித்து, எடை போட்டுப் பார்த்துவிட்டு மீனை நீரில் விடுவார்கள். பள்ளி மாணவர்களுக்கும் அணிகள் உண்டு. படகோட்டத் தந்தையோ தாத்தாவோ கூடவே வருவார். வீட்டில் ஒருவருக்கு நேரம் கொடுப்பது என்பது அந்தக் குடும்பங்களில் பல சமயம் படகில் கூட உட்காருவதுதான்.

குறைந்த நேரமே கையில் இருப்பதால், எங்கே போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். அதைத் தீர்மானிப்பது வெப்பம். பாஸ் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. நீரின் வெப்பநிலையே அதன் வெப்பநிலை. குளிர்காலத்தில் அதன் செரிமானம் மந்தமாகிவிடும், ஒருமுறை தின்றால் நாள்கணக்கில் போதும். நீர் சூடாக ஆக எல்லாம் வேகமெடுக்கும்.

ஸ்மித் ஏரி போன்ற ஆழமான அலபாமா நீர்த்தேக்கங்களில் கோடையில் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே சூடான, இலேசான நீர். கீழே குளிர்ந்த, கனத்த நீர். நடுவே வெப்பநிலை சட்டென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு. மேலும் கீழும் கலக்காததால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். மீன்கள் அங்கே தங்க முடியாது. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடுக்கு உடைந்து ஏரி முழுவதும் கலந்துவிடுகிறது. அதுவரை எங்கே மீன் நிற்கிறது என்று மனப்பாடமாகச் சொன்னவர்கள், அந்தச் சில நாட்களில் புதிதாகத் தேடத்தான் வேண்டும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும் என்று பள்ளியில் படித்த வரி, வடமாநிலத்து ஏரிகளில் பனிக்கட்டிக்கடியில் பாஸ் உயிரோடு இருப்பதற்கான காரணம்.

பசியில்லாத கடி

வசந்தத்தில், நீரின் வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டி 18-ஐ நெருங்கும்போது, கரையோரத்தில் வேறொரு காட்சி. ஆண் பாஸ் வாலால் அடித்தளத்தைப் பெருக்கி, வட்டமான ஒரு பள்ளம் பறிக்கிறது. பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாம் ஆணின் பொறுப்பு. துடுப்பால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் காட்டுகிறது, வண்டல் படியாமல் பார்த்துக்கொள்கிறது. குஞ்சு பொரித்த பிறகும் வாரக்கணக்கில் அந்தக் கறுத்த சிறு கூட்டத்தின் அருகிலேயே சுற்றி வருகிறது. நம்மூர்க் குளத்தில் விரால் தன் குஞ்சுகளுக்குக் காவல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அந்த நாட்களில் ஆண் பாஸ் அநேகமாக எதுவும் தின்பதில்லை. ஆனால் கூட்டுக்கு அருகே விழும் எதையும் பாய்ந்து கவ்வும். தூண்டில் இரையையும்தான்.

இங்கேதான் 'ஏன் கடிக்கிறது' என்ற கேள்வி கனக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் டேவிட் பிலிப் என்ற ஆய்வாளரின் குழு 1970-களில் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. நான்கு ஆண்டுகள், பிடிபட்ட ஒவ்வொரு பாஸையும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். பிறகு ஏரியை வடித்துப் பார்த்தபோது 1,700-க்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 200 ஒருமுறைகூடப் பிடிபடாதவை. வேறொரு மீனோ ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்டிருந்தது. எளிதில் பிடிபடுகிறவற்றைத் தங்களுக்குள்ளும், பிடிபடாதவற்றைத் தங்களுக்குள்ளும் இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, இரு பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு கூடிக்கொண்டே போனது. தூண்டிலில் மாட்டும் குணம் மரபுவழியாக இறங்குகிறது என்பது உறுதியானது.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. எளிதில் கடிக்கும் வம்சத்து ஆண்கள்தான் கூட்டை மூர்க்கமாகக் காக்கின்றன, அதிகக் குஞ்சுகளைக் கரையேற்றுகின்றன. 2012-இல் வெளியான ஆய்வின் முடிவு இதுதான்: இனப்பெருக்கத்தில் எந்த மீன்களுக்கு வெற்றி வாய்ப்பு அதிகமோ, அவற்றையே தூண்டில் பொறுக்கி எடுக்கிறது. முதலில் கடிப்பது ஏரியின் மிகச் சிறந்த தந்தை.

விடுவதும் ஒரு வித்தை

ஒரு காலத்தில் விடுவது என்ற எண்ணமே இல்லை. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்கும் அதிகமான பாஸ் ஒன்றைப் பிடித்தார். நாடே பெரும் பொருளாதார மந்தத்தில் இருந்த காலம். எடையைக் குறித்துக்கொண்டு, மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டார்கள். அதில் தவறேதும் இல்லை. அந்த உலக சாதனை இன்றுவரை முறியவில்லை, சமன் மட்டுமே செய்யப்பட்டிருக்கிறது.

1967-இல் முதல் பெரிய பாஸ் போட்டியை நடத்திய ரே ஸ்காட், 1972-இல் பிடித்த மீனைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். படகிலேயே நீர்த்தொட்டி வைத்து, எடை போட்ட பின் விடுவது வழக்கமாயிற்று. அதற்கும் அறிவியல் வேண்டியிருந்தது. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் கோடையில்தான் நீரில் அது குறைவாக இருக்கிறது. காற்றூட்டும் பம்பும், தொட்டிநீரைச் சற்றுக் குளிரவைப்பதும் மீனின் உயிரைத் தீர்மானிக்கின்றன. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த மீனின் காற்றுப்பை உப்பிவிட்டால், விட்ட பிறகும் அது கீழே இறங்க முடியாமல் தவிக்கும்.

பெரிய மீனை விடுவதற்குச் சமையலறையிலும் ஒரு காரணம் உண்டு. பாஸ் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால், நீரிலுள்ள பாதரசம் படிப்படியாக அதன் தசையில் சேர்கிறது. வயதான பெரிய மீனில் அது அதிகம். எனவே பல குடும்பங்கள் கெளுத்தியையும் சிறு சூரியமீன்களையும் வறுத்துச் சாப்பிட்டு, பெரிய பாஸை ஏரிக்கே விட்டுவிடுகின்றன.

ஆனால் எல்லா ஏரிக்கும் ஒரே விதி பொருந்தாது. ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட பாஸ், பிற்காலத்தில் நாடெங்கும் பரவியது. எதையும் உறிஞ்சும் அந்த வாயும், குஞ்சுகளைக் காக்கும் அந்தத் தந்தைமையும் அங்கே உள்ளூர் மீன்களுக்கு எமனாயின. 2009-இல் மனாபு குரிதா, பெர்ரியின் சாதனையைச் சமன் செய்த மீனைப் பிடித்தது பிவா ஏரியில். பிடித்த பாஸை அந்த ஏரியில் திரும்ப விடுவதை அங்குள்ள மாவட்ட விதிகள் தடைசெய்கின்றன. ஓர் உயிரைப் போற்றுவது அது எந்த நீருக்குச் சொந்தமானது என்று தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

பாஸின் சொந்த நீரில் அந்தப் போற்றுதல் வசந்தத்தில்தான் சோதிக்கப்படுகிறது. கூட்டிலிருந்து தந்தையை எடுத்த சில நிமிடங்களில் சுற்றியிருக்கும் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். படம் எடுக்கவும், எடைபோடத் துறைவரை கொண்டுபோகவும் ஆகும் நேரமே ஒரு கூட்டை அழிக்கப் போதும். பசிக்காகக் கடிக்கும் மீனை ஏமாற்றுவது வித்தை. குஞ்சுக்காகக் கடிக்கும் மீனுக்கு அந்த வித்தையே தேவையில்லை. அது எப்படியும் கடிக்கும். ஆகவே கரையோரப் பள்ளத்தின் மேல் ஓர் ஆண் பாஸ் நிற்பதைக் கண்டால் தூண்டிலை வேறு பக்கம் வீசலாம். மாட்டிவிட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே விட்டுவிடலாம். கடிக்கும் காரணத்தை இவ்வளவு தெரிந்துகொண்ட ஒருவரிடம் ஏரி எதிர்பார்க்கும் நியாயம் இது.